தயார் என்று காட்டிய பிறகு தொடங்கிய வேலை: ஓப்பன்ஷிஃப்ட் கிளஸ்டரில் பைப்லைன் ஆபரேட்டரை நிறுவிய பதிவு

எங்கள் செயலியின் இமேஜைக் (செயலியும் அது ஓடத் தேவையானவையும் அடங்கிய பொதியைக்) கட்டி, ரெஜிஸ்ட்ரி என்ற இமேஜ் கிடங்கில் ஏற்றும் வேலை, நெடுநாளாக ஒரே ஒரு சக ஊழியரின் மடிக்கணினியில் கிடந்த ஷெல் ஸ்கிரிப்ட்டை நம்பியே நடந்துவந்தது. அவர் விடுப்பில் போயிருந்த ஒரு வாரத்தில் மூன்று திருத்தங்கள் தயாராக இருந்தும் ஒன்றைக்கூட வெளியிட முடியாமல் போன பிறகுதான், எங்கள் ஓப்பன்ஷிஃப்ட் கிளஸ்டருக்குள்ளேயே (குபர்நெட்டீஸ் மீது கட்டப்பட்ட மேடையில் சேர்ந்து இயங்கும் கணினிகளின் தொகுதி), கட்டுவது முதல் வெளியிடுவதுவரை தானாகச் செய்யும் தொடர் வெளியீட்டுப் பைப்லைனை நிறுவிவிடுவது என்று முடிவாயிற்று. அரை நாள் வேலை என்று சொல்லித்தான் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டேன். நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளில் நிறுவுதல் என்று சொல்லத்தக்க பகுதி கால் மணி நேரத்துக்கும் குறைவு. மற்றதெல்லாம் திரையில் தயார் என்று பச்சை நிறம் வந்த பிறகு நடந்தவை.

நாங்கள் நிறுவியது ஓப்பன்ஷிஃப்ட் பைப்லைன்ஸ் என்ற ஆபரேட்டர், அதாவது கிளஸ்டருக்குள் ஒரு மென்பொருளை நிறுவி அதன் அமைப்பைத் தொடர்ந்து காத்துவரும் நிரல். அதன் உள்ளே இயங்குவது டெக்டான் என்ற பைப்லைன் கருவி. கேநேட்டிவ் திட்டத்தின் பில்ட் பகுதியாகத் தொடங்கி, 2019 மார்ச்சில் கன்டினியுவஸ் டெலிவரி ஃபவுண்டேஷன் உருவானபோது ஜென்கின்ஸ், ஜென்கின்ஸ் எக்ஸ், ஸ்பின்னேக்கர் ஆகியவற்றுடன் அதன் தொடக்கத் திட்டங்களுள் ஒன்றாகச் சேர்ந்தது அது. ஜென்கின்ஸ் போன்ற கட்டுமான சர்வருக்குப் பழகியவர்கள் முதலில் மனத்தில் வாங்கவேண்டியது, இங்கே வேலைகளைத் தன்னிடம் வைத்துக்கொண்டு ஏவும் பெரிய சர்வர் எதுவும் கிடையாது என்பதே. பைப்லைன் என்பது குபர்நெட்டீஸில் எழுதிவைக்கும் ஒரு ரிசோர்ஸ், அதாவது ஒரு வரையறை. அதில் உள்ள ஒவ்வொரு டாஸ்க்கும் ஓடும்போது ஒரு பாட், அதாவது கன்டெய்னர்கள் சேர்ந்து ஓடும் சிறு அலகு, ஆகிறது. டாஸ்க்கின் ஒவ்வொரு ஸ்டெப்பும் அந்தப் பாடுக்குள் ஒரு கன்டெய்னர், அதாவது இமேஜிலிருந்து எழுந்து தனித்து ஓடும் நிரல். கன்டெய்னர்கள் எல்லாம் ஒன்றாகவே எழுந்தாலும், டெக்டான் அவற்றுக்குள் செருகும் என்ட்ரிபாயின்ட் என்ற சிறு நிரல், முந்தைய ஸ்டெப் முடியும்வரை அடுத்ததை நிறுத்திவைக்கிறது. ஆகவே பைப்லைன் பழுது என்று நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி உண்மையில் பாட் பழுதுதான்: அனுமதி இல்லை, வால்யூம் (சேமிப்பிடம்) இல்லை, உட்கார நோட் (கிளஸ்டரின் ஒரு கணினி) இல்லை. இதை முதல் நாளே உணர்ந்திருந்தால் இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

நிறுவும்போது வந்த தடங்கல் டெக்டானைச் சேர்ந்ததே அன்று. ஆபரேட்டர்ஹப் என்ற பட்டியலில் தேடி எடுத்து, லேட்டஸ்ட் என்ற சேனலுக்குப் (புதுப்பிப்புகள் வரும் வரிசைக்குப்) பதிலாகப் பதிப்பு எண் கொண்ட சேனலைத் தேர்ந்து, ஒப்புதல் முறையை ஆட்டோமேட்டிக் என்று வைத்து, இந்தத் தேர்வுகளைப் பதியும் சப்ஸ்கிரிப்ஷனை உருவாக்கினேன். பதிப்புச் சேனலைத் தேர்ந்ததற்குக் காரணம், ஒருநாள் காலையில் வந்து பார்க்கும்போது பைப்லைன் பெரிய பதிப்பு ஒன்றுக்குத் தானாகத் தாவியிருப்பதை நான் விரும்பவில்லை என்பதுதான். ஐந்து நிமிடம் கழிந்தது. பத்து நிமிடம் கழிந்தது. சப்ஸ்கிரிப்ஷன் காத்திருக்கும் நிலையிலேயே நின்றது. ஆபரேட்டர்களின் மூலப் பட்டியலான கேட்டலாக் சோர்ஸில் கோளாறோ, இமேஜ் இழுக்க முடியவில்லையோ என்று தவறான இடங்களில் துழாவிவிட்டுக் கடைசியாக, நிறுவப்போகும் மாற்றங்களை அடுக்கும் இன்ஸ்டால்பிளான் பட்டியலைப் பார்த்தேன். ஒப்புதல் என்ற நெடுவரிசையில் மேனுவல் என்றிருந்தது.

நான் ஆட்டோமேட்டிக் என்று தேர்ந்தது சரிதான். ஆனால் ஆபரேட்டர்களுக்கான பொது நேம்ஸ்பேஸில் (கிளஸ்டருக்குள் பெயரிட்டுப் பிரித்த பகுதியில்) ஏற்கெனவே நிறுவப்பட்டிருந்த வேறொரு ஆபரேட்டரை நாங்களே மாதக்கணக்கில் முன்பு மேனுவல் என்று வைத்திருந்தோம். ஆபரேட்டர்களின் வாழ்க்கைச் சுழற்சியை நிர்வகிக்கும் பகுதி, ஒரு நேம்ஸ்பேஸில் உள்ள சப்ஸ்கிரிப்ஷன்களை ஒரே தொகுதியாகக் கருதித் திட்டம் தீட்டுகிறது. அவற்றுள் ஒன்று மேனுவல் என்றிருந்தால் அந்த நேம்ஸ்பேஸின் திட்டங்கள் அனைத்தும் கையால் ஒப்புதல் பெற்றாகவேண்டும். அது மட்டுமன்று, ஒரே இன்ஸ்டால்பிளானுக்குள் இரண்டு ஆபரேட்டர்களின் மாற்றங்கள் சேர்ந்து வரவும் கூடும். நல்லவேளையாக அன்று வந்த திட்டத்தில் பைப்லைன்ஸ் மட்டுமே இருந்தது. ஒப்புதல் கொடுத்த இரண்டு நிமிடத்தில் நிறுவல் முடிந்தது.

ஆபரேட்டர் எழுந்ததும் டெக்டான்கான்ஃபிக் என்ற ரிசோர்ஸைக் கான்ஃபிக் என்ற பெயரில் தானே உருவாக்கிக்கொள்கிறது. அதிலிருந்தே பைப்லைன், ட்ரிகர், துணைச் சேர்க்கைகள் எல்லாம் கிளைவிடுகின்றன. லைட், பேசிக், ஆல் என்ற மூன்று புரொஃபைல்களுள் ஆல் என்பதே இயல்பாக இருந்தது, அதை மாற்றவில்லை. சற்று நேரத்தில் அதன் தயார்நிலை உண்மை என்று வந்தது. ஓப்பன்ஷிஃப்ட்-பைப்லைன்ஸ் நேம்ஸ்பேஸில் பாடுகள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. நிறுவியாயிற்று என்று குழுவுக்குச் செய்தி அனுப்பினேன். அந்தச் செய்தியை அனுப்பியிருக்கவேண்டாம்.

முதல் பைப்லைனில் மூன்றே டாஸ்க்குகள்: மூலநிரலை கிட் என்ற மூலநிரல் காப்பகத்திலிருந்து இழுப்பது, பில்டா என்ற கருவியால் இமேஜ் கட்டி உள் ரெஜிஸ்ட்ரியில் ஏற்றுவது, செயலியை ஓடவைக்கும் டிப்ளாய்மென்டில் புதிய இமேஜை அமர்த்துவது. ஓடவிட்ட உடனே முதல் டாஸ்க்கே விழுந்தது. பைப்லைன் என்ற சர்வீஸ் அக்கவுண்ட் (பாடுகள் ஓடப் பயன்படும் கணக்கு) கிடைக்கவில்லை, ஆகவே பாடை உருவாக்க அனுமதி இல்லை என்றது பிழைச்செய்தி. சாதாரண டெக்டானில், எந்த சர்வீஸ் அக்கவுண்டில் ஓடவேண்டும் என்று சொல்லாவிட்டால் நேம்ஸ்பேஸின் டிஃபால்ட் அக்கவுண்டை அது எடுத்துக்கொள்ளும். ஓப்பன்ஷிஃப்ட் பைப்லைன்ஸ் அப்படிச் செய்வதில்லை. பைப்லைன் என்ற பெயருடைய தனி அக்கவுண்டை ஒவ்வொரு நேம்ஸ்பேஸிலும் ஆபரேட்டரே உருவாக்கி, அதையே இயல்பாக எடுத்துக்கொள்கிறது. எங்கள் நேம்ஸ்பேஸில் மட்டும் அது இல்லை.

இந்த இடத்தில் நான் செய்தது அனைவரும் செய்யக்கூடிய தவறு. இல்லாத அக்கவுண்டை அதே பெயரில் கையால் உருவாக்கிவிட்டேன். கிட் டாஸ்க் உடனே ஓடி முடிந்தது. பிரச்சினை தீர்ந்தது என்றே நம்பினேன். அடுத்த டாஸ்க்கில் பில்டா நின்றது. எந்த எஸ்சிசியும் இந்தப் பாடை ஏற்கவில்லை என்று நீளமான செய்தி வந்தது. எஸ்சிசி என்பது ஒரு பாட் எந்தப் பயனர் எண்ணில் ஓடலாம், எந்தச் சிறப்பு உரிமைகளைக் கேட்கலாம் என்பதை வரையறுக்கும் ஓப்பன்ஷிஃப்ட்டின் காவல் விதி. இமேஜ் அடுக்குகளில் உள்ள கோப்புகளுக்கு உரிமைகளைப் பதிக்க பில்டாவுக்கு செட்எஃப்கேப் என்ற உரிமை தேவைப்படுகிறது. இயல்பான கட்டுப்பாட்டு விதி அதைத் தருவதில்லை. ஆபரேட்டர் உருவாக்கும் அக்கவுண்டோ வெறும் பெயர் அன்று. அதனோடு பைப்லைன்களுக்கென்றே வரையப்பட்ட எஸ்சிசிக்கான பிணைப்பு, அந்த நேம்ஸ்பேஸில் திருத்தும் உரிமை தரும் ரோல்பைண்டிங், சான்றிதழ்த் தொகுப்புகள் கொண்ட இரண்டு கான்ஃபிக்மேப்புகள் (அமைப்பு மதிப்புகளை வைக்கும் ரிசோர்ஸ்கள்) ஆகியவையும் சேர்ந்தே வரவேண்டும். நான் கையால் செய்தது உள்ளீடற்ற கூடு.

எஸ்சிசியையும் கையாலேயே பிணைத்துவிடலாமா என்று கை பரபரத்தது உண்மை. அப்படிச் செய்திருந்தால் அந்த நேம்ஸ்பேஸ் என்றென்றைக்கும் ஆபரேட்டரின் கண்ணில் படாத தனித்தீவாகவே இருந்திருக்கும்; பதிப்பு மாறும்போதெல்லாம் நான்தான் பின்னால் ஓடவேண்டியிருந்திருக்கும். ஆகவே நிறுத்திக்கொண்டு, மற்ற நேம்ஸ்பேஸ்களில் அந்த அக்கவுண்ட் இருக்கிறதா என்று பார்த்தேன். எல்லாவற்றிலும் இருந்தது. எங்களுடையதில் மட்டும் ஏன் இல்லை என்று கேட்டுக்கொண்டு பெயரைப் பார்த்தபோது விடை எதிரிலேயே இருந்தது. ஓப்பன்ஷிஃப்ட் என்ற சொல்லோடும் சிறுகோட்டோடும் தொடங்கும் பெயரை அதற்கு நான் வைத்திருந்தேன். மேடைக்கு உரிய கருவி என்பதால் அப்படிப் பெயரிடுவது ஒழுங்கு என்று அப்போது பட்டது. புராஜெக்ட் (நேம்ஸ்பேஸுக்கு ஓப்பன்ஷிஃப்ட்டில் உள்ள பெயர்) உருவாக்கும் வழக்கமான கட்டளை அந்தப் பெயரை மறுத்தது. நிர்வாகி உரிமை கையில் இருந்ததால் நேம்ஸ்பேஸை நேரடியாக உருவாக்கி அந்த மறுப்பைத் தாண்டிப் போய்விட்டேன். ஓப்பன்ஷிஃப்ட் என்றும் கூப் என்றும் தொடங்கி சிறுகோடு வரும் நேம்ஸ்பேஸ்களை மேடைக்கு உரியவை என்று கருதி ஆபரேட்டர் ஒதுக்கிவிடுகிறது. முறையான காரணம்தான், முதலில் வந்த மறுப்பை நான் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளாததுதான் பிழை.

வேறு பெயரில் புதிய புராஜெக்ட் உருவாக்கிய சில வினாடிகளில் அக்கவுண்டும் அதன் பிணைப்புகளும் தாமே வந்து நின்றன. பில்டா ஓடியது. உள் ரெஜிஸ்ட்ரியில் இமேஜ் ஏறியது. இரண்டாம் நாள் மாலை அது.

மூன்றாம் நாள் முழுவதையும் வால்யூம் எடுத்துக்கொண்டது. டாஸ்க்குகள் தனித்தனிப் பாடுகள் என்பதால், ஒன்று இழுத்த மூலநிரலை அடுத்தது காணவேண்டுமானால் நடுவே ஒரு வால்யூம் வேண்டும். டெக்டானில் அதற்கு வொர்க்ஸ்பேஸ் என்று பெயர். தொடக்கத்தில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புதிய பிவிசியை (வால்யூம் கேட்கும் கோரிக்கையை) உருவாக்கும் வார்ப்புரு முறையைப் பயன்படுத்தினேன். சுத்தமான முறை, ஒரு ஓட்டத்தின் எச்சம் அடுத்ததில் கலக்காது. அந்த பிவிசி சில வினாடிகள் பெண்டிங் (காத்திருப்பு) என்று நிற்பதைக் கண்டு முதலில் திகைத்தேன். முதல் பாட் வந்து கேட்கும்வரை வால்யூமைப் பிணைக்காமல் காத்திருக்கும்படி, சேமிப்பின் வகையை வரையறுக்கும் எங்கள் ஸ்டோரேஜ்கிளாஸ் அமைக்கப்பட்டிருந்ததால் அது இயல்பான நிலைதான்.

சிக்கல் தொடங்கியது, கட்டும் நேரத்தைக் குறைக்க மேவன் என்ற கட்டுமானக் கருவி இறக்கும் நூலகங்களைச் சேமித்துவைக்க இரண்டாவதாக ஒரு நிலையான பிவிசியைச் சேர்த்தபோது. ஒரே டாஸ்க் இரண்டு பிவிசிகளை ஏற்றுகிறது, அஃபினிட்டி அசிஸ்டன்ட் இயங்கும்போது அது தடைசெய்யப்பட்டது என்று சொல்லிவிட்டு டெக்டான் டாஸ்க்கைத் தொடங்கவே மறுத்தது. அஃபினிட்டி அசிஸ்டன்ட் என்பது ஒரு பிடிகொம்பு போன்றது. ஒரு வால்யூமைப் பகிரும் டாஸ்க்குகள் எல்லாம் ஒரே நோடில் அமரவேண்டும் என்பதற்காக, டெக்டான் முன்கூட்டியே ஒரு சிறு பாடை அந்த வால்யூமோடு ஒரு நோடில் நட்டுவைக்கிறது. மற்ற பாடுகள் அதன் அருகே மட்டுமே அமர முடியும். இரண்டு வால்யூம் என்றால் இரண்டு பிடிகொம்பு. இரண்டும் வெவ்வேறு நோடில் நடப்பட்டால் டாஸ்க் எங்கும் அமர முடியாது. ஆகவே தடை.

அணைத்துவிடலாம் என்று, அம்சங்களைக் கட்டுப்படுத்தும் கான்ஃபிக்மேப்பைத் திறந்து அசிஸ்டன்ட்டை முடக்கும் மதிப்பை மாற்றிச் சேமித்தேன். மறுபடி ஓடவிட்டால் அதே பிழை. திறந்து பார்த்தால் மதிப்பு பழையபடியே இருந்தது. சேமிக்க மறந்தேன் போலும் என்று மீண்டும் மாற்றினேன், மீண்டும் பழையபடி. மூன்றாம் முறைதான் உறைத்தது: அந்தக் கான்ஃபிக்மேப் ஆபரேட்டருக்குச் சொந்தமானது, அதில் யார் கைவைத்தாலும் அது திரும்ப எழுதிவிடும். மாற்றம் டெக்டான்கான்ஃபிக்கில் செய்யப்படவேண்டும். அங்கே செய்தால் அது கீழே இறங்கி நிலைக்கும். ஆபரேட்டர்களோடு வேலை செய்பவர்களுக்கு இது அரிச்சுவடி. தெரிந்திருந்தும் அவசரத்தில் கை கான்ஃபிக்மேப்பையே தேடிப் போகிறது.

டெக்டான்கான்ஃபிக்கில் மாற்றி அசிஸ்டன்ட்டை முடக்கியதும் டாஸ்க் தொடங்கியது, ஆனால் இரண்டாவது ஓட்டத்தில் இமேஜ் கட்டும் பாட் வேறொரு நோடில் போய் அமர்ந்து, வால்யூம் ஏற்கெனவே மற்றொரு நோடில் பிணைந்திருக்கிறது என்ற எச்சரிக்கையோடு காத்துக்கிடந்தது. எங்கள் ஸ்டோரேஜ் ஒரு நேரத்தில் ஒரே நோடில் மட்டும் எழுதக்கூடிய வகை. அந்த வகைக்காகத்தான் அசிஸ்டன்ட்டே இருக்கிறது. அதை முடக்கிவிட்டு அது செய்துவந்த வேலையை யார் செய்வது? பல நோடுகளில் ஒருசேர ஏற்றக்கூடிய வால்யூம் இருந்தால் முடக்குவது நியாயம். எங்களிடம் இல்லை. முடக்கத்தைத் திரும்பப் பெற்றேன்.

கடைசியில் நிலைத்த ஏற்பாடு எளிமையானது. ஒரே நிலையான பிவிசி; இரண்டு வொர்க்ஸ்பேஸ்களும் அதையே, ஆனால் வெவ்வேறு துணைப்பாதைகளில் ஏற்றுகின்றன. டெக்டான் எண்ணுவது பிவிசிகளை, வொர்க்ஸ்பேஸ்களை அன்று. ஆகவே தடை எழவில்லை. நூலகச் சேமிப்புக்குப் பொதுவான ஒரு அடைவு. மூலநிரலுக்கு, அந்த ஓட்டத்துக்குரிய கமிட்டின் (கிட்டில் பதிந்த மாற்றத்தின்) அடையாள எண்ணையே பெயராகக் கொண்ட அடைவு. ஓட்டம் வென்றாலும் தோற்றாலும் கடைசியில் ஓடும் ஃபைனலி பகுதியில் ஒரு சிறு டாஸ்க் அந்த அடைவின் உள்ளடக்கத்தைத் துடைக்கிறது. வெறும் அடைவுகள் எஞ்சி நிற்கின்றன. அவற்றால் தொல்லை இல்லை. இதற்குக் கொடுக்கவேண்டிய விலை ஒன்று உண்டு: இரண்டு ஓட்டங்கள் ஒரே நேரத்தில் வந்து வெவ்வேறு நோடுகளில் அமர்ந்தால் பின்னது முன்னது முடியும்வரை காத்திருக்கும்; அந்தக் காத்திருப்பும் இயல்பான ஒரு மணி நேரக் கால வரம்புக்குள் கணக்காகும். நாளொன்றுக்குச் சில ஓட்டங்களே உள்ள எங்களுக்கு இது பொருந்துகிறது. மணிக்குப் பத்து ஓட்டங்கள் வரும் இடத்தில் இதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

இதற்கிடையே வார்ப்புரு முறையில் செய்த சோதனைகள் விட்டுச்சென்ற பிவிசிகள் 27 கிடந்தன. ஓர் ஓட்டத்தின் பதிவான பைப்லைன்ரன் நீக்கப்பட்டால்தான் அதன் பிவிசியும் நீங்கும். ஓட்டம் முடிவது போதாது. பழைய ஓட்டங்களைக் களையும் இயல்பான அமைப்போ நாளொன்றுக்கு ஒருமுறை ஓடி, 100 ஓட்டங்களை வைத்துக்கொண்டு மிஞ்சியவற்றை மட்டுமே நீக்கும். நூறை எட்டும் முன்பே நேம்ஸ்பேஸின் ஸ்டோரேஜ் வரம்பு நிறைந்துவிடும் நிலை. பழையவற்றைக் கையால் நீக்கிவிட்டு, டெக்டான்கான்ஃபிக்கில் வைத்துக்கொள்ளும் எண்ணிக்கையை 10 ஆகக் குறைத்தேன்.

டிப்ளாய்மென்ட் வேறொரு நேம்ஸ்பேஸில் இருப்பதால் இரண்டு பக்கமும் அனுமதி தேவைப்பட்டது. கட்டும் நேம்ஸ்பேஸின் பைப்லைன் அக்கவுண்டுக்கு, செயலி ஓடும் நேம்ஸ்பேஸில் திருத்தும் உரிமை. செயலி ஓடும் நேம்ஸ்பேஸின் டிஃபால்ட் அக்கவுண்டுக்கு, கட்டும் நேம்ஸ்பேஸிலிருந்து இமேஜ் இழுக்கும் உரிமை. முதலாவதை மட்டும் கொடுத்துவிட்டு, பைப்லைன் வெற்றி என்று காட்டியதைக் கண்டு மகிழ்ந்திருந்தபோது, மறுபக்கம் பாடுகள் இமேஜை இழுக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தன. அமர்த்தும் டாஸ்க்கின் கடைசியில், புதிய பாடுகள் உண்மையில் எழுந்தனவா என்று காத்திருந்து பார்க்கும் ரோல்அவுட் நிலைக் கட்டளையை அன்றே சேர்த்தேன். அது இல்லாத பச்சை நிறத்துக்கு மதிப்பில்லை.

நான்காம் நாள் ட்ரிகர், அதாவது மூலநிரல் மாறியதும் பைப்லைனைத் தானாகத் தொடங்கும் ஏற்பாடு. வெளியிலிருந்து வரும் நிகழ்வுகளைக் கேட்கும் ஈவென்ட்லிஸனரை உருவாக்கினால், இஎல் என்ற முன்னொட்டோடு ஒரு சர்வீஸ் 8080 போர்ட்டில் எழுகிறது. அதற்கு மறையாக்கத்தோடு கூடிய ரூட் (வெளியிலிருந்து அணுகும் முகவரி) ஒன்று அமைத்து, அந்த முகவரியை கிட் சர்வரின் வெப்ஹூக்கில் (மாற்றம் வந்ததும் செய்தி அனுப்பும் வசதியில்) கொடுக்கவேண்டும். வரும் செய்தியைச் சோதிக்கும் இன்டர்செப்டர் இல்லாமல் விட்டால் அந்த முகவரி தெரிந்த எவரும் எங்கள் கிளஸ்டரில் கட்டுமானத்தைத் தொடங்கிவிடலாம் என்பதால், வெப்ஹூக்கின் ரகசியச் சொல்லைக் கொண்டு கையொப்பத்தைச் சரிபார்க்கும் இன்டர்செப்டரையும், முதன்மைக் கிளைக்கு வரும் புஷ்களை (மாற்றங்களை கிட் சர்வரில் ஏற்றுவதை) மட்டும் விடும் வடிகட்டியையும் முதலிலேயே சேர்த்தேன். முதல் புஷ்ஷுக்கு வெப்ஹூக் பக்கத்தில் 202 என்ற மறுமொழி வந்தது, பைப்லைன் ஓடவில்லை. நிகழ்வைப் பெற்றுக்கொண்டேன் என்பதற்கு மேல் 202 எதையும் சொல்வதில்லை. வடிகட்டி தள்ளிவிட்டதா இல்லையா என்பது லிஸனர் பாடின் லாகில்தான் தெரியும். கிளையின் பெயரை மட்டும் நான் ஒப்பிட்டிருந்தேன். வந்த நிகழ்விலோ முன்னால் முழுப் பாதையும் சேர்ந்திருந்தது. திருத்தியதும் ஓடியது.

அடுத்த புஷ்ஷுக்கு மீண்டும் அமைதி. இம்முறை லாகில் காரணம் வெளிப்படையாக இருந்தது: ட்ரிகர் டெம்ப்ளேட்டில் பைப்லைன்ரன்னுக்கு நிலையான பெயர் கொடுத்திருந்தேன், அந்தப் பெயரில் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. பெயருக்குப் பதிலாக முன்னொட்டைக் கொடுத்து மீதியைக் கிளஸ்டரே உருவாக்கிக்கொள்ளும்படி மாற்றினேன். இப்படி எழுதிய யாமல் (YAML) வடிவக் கோப்பைக் கையால் சோதிக்கும்போது அப்ளை கட்டளை ஏற்காது, கிரியேட் கட்டளைதான் ஏற்கும். அதற்கும் ஐந்து நிமிடம் போயிற்று.

அன்று மாலை விடுப்பு முடிந்து வந்திருந்த சக ஊழியர் தாமே ஒரு திருத்தத்தைப் புஷ் செய்தார். 11 நிமிடத்தில் புதிய பாடுகள் எழுந்தன. நூலகச் சேமிப்பு நிரம்பிய பிறகு வந்த அடுத்த ஓட்டம் 6 நிமிடத்தில் முடிந்தது. மடிக்கணினியில் இருந்த ஸ்கிரிப்ட்டை அவர் இன்னும் அழிக்கவில்லை. ஒரு மாதம் போகட்டும் என்கிறார். நானும் வற்புறுத்தவில்லை. பொது நேம்ஸ்பேஸில் மேனுவல் என்றிருக்கும் அந்தப் பழைய ஆபரேட்டரும் அப்படியே இருக்கிறது. அடுத்த பதிப்புக்கான இன்ஸ்டால்பிளான் வரும்போது அதற்குள் எத்தனை ஆபரேட்டர்களின் பெயர்கள் இருக்கின்றன என்று பார்த்துவிட்டுத்தான் ஒப்புதல் தரவேண்டும் என்று பணிப்பட்டியலில் எழுதிவைத்திருக்கிறேன்.